தீபாவளி முடிந்து மதுரை வருகிறோம், மழையும் வருகிறதாம்: வரலாமா?

பெங்களூர்வாசி

வணக்கம். தீபாவளிக்கு மறுவாரம் நாங்கள் நான்கு பேர் மதுரைக்கு வருகிறோம்: நான், வீட்டுக்காரர், மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள், முழங்கால் வலியோடு மாமியார். ரயில் டிக்கெட், அறை எல்லாம் எப்போதோ போட்டாயிற்று. கோவில், மஹால் பார்த்துவிட்டு அப்படியே கொடைக்கானல் ஏறுவதாகத் திட்டம். இப்போது பார்த்தால் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, தென் மாவட்டங்களில் மழை என்று டிவியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் "தை மாசம் போங்களேன்" என்கிறார்கள்.

எனக்குத் தள்ளிப்போட மனமில்லை. சொல்லப்போனால் மழையோடு ஊர் பார்க்கத்தான் ஆசை. பெங்களூரில் மழை என்றால் நெரிசலில் மாட்டிக்கொண்டு வைப்பர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். குடை எடுத்துக்கொள்ளுங்கள், வெந்நீர் குடியுங்கள் என்கிற அறிவுரை வேண்டாம், அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. மழைக்காலத்தில் நீங்களே எங்கே போவீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டீர்கள்? உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

தாராளமாக வாருங்கள். எங்கள் ஊருக்கு வருடத்திலேயே அதிக மழை தருவது அக்டோபர்தான். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். மதுரைக்கு மிஞ்சுவது காற்றும் புழுதியும். ஐப்பசி பிறந்தால்தான் இங்கே மண் நனையும்.

மழை வரும் நேரத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே இரண்டு விதமாகப் பெய்யும். ஒன்று, டிவிக்காரர்கள் வெப்பச்சலனம் என்பார்களே, அது. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், மத்தியானம் புழுங்கித் தள்ளும், மூன்று மணிக்கு மேல் வானம் கருக்கும். நாலில் இருந்து எட்டுக்குள் இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டு, சாப்பிட்டுக் கை கழுவும்போது நட்சத்திரம் தெரியும். இன்னொன்று கடலில் தாழ்வு நிலை வந்தால் பெய்வது. விடிய விடிய தூறும், சூரியன் தலைகாட்டாது, இடி குறைவு. முதல் வகை நாளில் ஆறு மணிக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடுங்கள். இரண்டாவது வகை நாளில் பொழுதுக்கும் சுற்றலாம். நனைவீர்கள், அவ்வளவுதான். ஆனால் தாழ்வு மண்டலம், புயல் என்று அது வலுத்துவிட்டால் அறையை விட்டு நகராதீர்கள்.

மீனாட்சி அம்மன் கோவிலை மழை வரும் நேரத்துக்கென்றே ஒதுக்கிவையுங்கள். மத்தியானம் நடை சாத்தி, சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பார்கள். மழையும் அப்போதுதான் தொடங்கும். பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபத்தில் உட்கார்ந்தால் நனையாமல், குளம் முழுக்கத் துளி விழுவதையும் எதிரே தெற்குக் கோபுரம் மங்கிப்போவதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாமியாருக்கும் கால் வலிக்காது. 2018 முதல் கைபேசி உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் படம் பிடிக்கிற தொல்லையும் இல்லை, நிம்மதி. ஆடி வீதியில் மட்டும் பார்த்து நடங்கள். வெறுங்காலோடு ஈரக் கல்லில் நடக்கிறோம், வழுக்கும்.

கோச்சடை பைக்

கொடைக்கானலை வெட்டுங்கள் சகோ. அவ்வளவு தூரம் ஏறிப்போய் மூடுபனியைப் பார்ப்பதற்கு, ஜன்னலில் வெள்ளை வேட்டி கட்டிவிட்டு உட்காரலாம்.

வத்தலக்குண்டு வழி

ஆட்சேபம். நான் மாதத்தில் பாதி நாள் அந்த மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறவன். மழை விட்டதும் வெள்ளி அருவி எப்படி விழும் தெரியுமா? கோடையில் சுவரில் கசிகிற மாதிரி இருப்பது, ஐப்பசியில் இரைச்சலோடு வரும். டம்டம் பாறை காட்சி முனையில் நின்றால் எதிரே எலிவால் அருவி மலை உச்சியில் இருந்து தொங்கும். மேகம் விலகினால்தான் தெரியும், அது உண்மைதான். கால் மணி நேரம் காத்திருந்தால் கண்டிப்பாக விலகும். மேலே ஏரிக்கரையில் சைக்கிள், படகு எல்லாம் மழையில் கெட்டுவிடும். அதனால் கொடைக்கானலுக்குப் போகிறோம் என்று நினைக்காமல், மலைச்சாலையைப் பார்க்கப் போகிறோம் என்று போங்கள்.

மூன்று விஷயம். இ-பாஸ் கட்டாயம், 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது, இணையத்திலேயே எடுத்துவிடலாம். பெரியகுளத்தில் இருந்து அடுக்கம் வழியாக ஏறுகிற சாலை பார்க்க அழகு, மழைக்காலத்தில் மண் சரியும், அந்தப் பக்கம் வேண்டாம். இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். மரம் விழுந்து ராத்திரி நடுவழியில் நின்றால், பின்னால் வரும் வண்டி வரிசையைத் திருப்பக்கூட இடம் இருக்காது.

கோச்சடை பைக்

அண்ணே, வயதானவரும் குழந்தையும் வருகிறார்கள். மரம் விழுந்து நடுவழியில் நிற்பதைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாக எழுதுகிறீர்களே.

வத்தலக்குண்டு வழி

சந்தோஷம் எங்கே இருக்கிறது தம்பி, அதுதான் பிழைப்பு.

மேலூர்ப்பக்கம்

மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மழை பெய்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் போய்ப் பார்ப்பது கண்மாயைத்தான். விருந்தாளியையும் அங்கேதான் கூட்டிப்போவோம்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். கண்மாய் என்றால் மழைத் தண்ணீரைத் தேக்குகிற ஏரி, இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். மேல் கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கு அடுத்தது. இப்படிச் சங்கிலியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிறது என்று சேதி வந்துவிட்டால் ஊரே கரைக்கு வந்துவிடும். கலுங்கில் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும். அதற்கு நடுவே பலகை, மண் எல்லாம் வைத்து அடைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்குவது பழைய வழக்கம். தண்ணீர் அந்தக் கற்களுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டு வந்து கீழே கல்தளத்தில் விழும். அங்கே நின்றுதான் வேடிக்கை பார்க்க வேண்டும். கெண்டையும் கெளுத்தியும் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறப் பார்க்கும். ஒரு துள்ளல், கல்லில் மோதும், சரிந்து விழும், மறுபடி துள்ளும். பையன்கள் கச்சா வலையோடு முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து எந்த மடையை எப்போது திறப்பது என்று சண்டை போடுவார்கள். நிறைகண்மாய்க்குத் தேங்காய் உடைத்துச் சாமி கும்பிடுகிற ஊர்களும் உண்டு, பொங்கல் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் மகளுக்கு இன்னொன்று. முதல் நல்ல மழைக்கு மறுநாள் காலையில் கண்மாய்க் கரைச் செம்மண்ணில் குனிந்து பார்த்தால் பட்டுப்பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கும். சுண்டுவிரல் நகம் அளவுதான், ரத்தச் சிவப்பு, தொட்டால் வெல்வெட் துணி. வெயில் ஏறினால் மண்ணுக்குள் போய்விடும், எட்டு மணிக்குள் பார்க்க வேண்டும். தீப்பெட்டியில் போட்டு பெங்களூருக்குக் கொண்டுபோக விடாதீர்கள். நாங்கள் எல்லோரும் அதைச் செய்தவர்கள்தான், மறுநாள் பெட்டியில் பூச்சி உயிரோடு இருக்காது.

இடம் சொல்ல வேண்டுமென்றால் அரிட்டாபட்டி. மேலூர் வட்டம், மதுரையில் இருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, ஊரே எதிர்த்துத் திரண்டு நின்று, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் இதே ஊருக்காகத்தான். ஏழு குன்று, சுனைகள், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோவில், சமணர் படுக்கை, தமிழி எழுத்து என்று எல்லாம் உண்டு. மழை நின்ற அரை மணி நேரத்தில் குன்றைப் பாருங்கள். பாறை கறுத்துப்போய், அதன் மேலே வெள்ளைக் கோடு போட்டதுபோல் ஏழெட்டு இடத்தில் தண்ணீர் இறங்கும். அதற்குப் பெயரும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. மழை நின்று கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும்.

செல்லூர்வாசி

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கண்மாய் நிறைவதைப் பார்க்கக் கார் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். எங்கள் கண்மாய் நிறைந்தால் அதுவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர், ஆலங்குளம் பக்கமெல்லாம் என்ன ஆனது என்று யாராவது ஒரு வரி எழுதினீர்களா? ஒரு சாயங்காலத்தில் தெருவில் முட்டளவு தண்ணீர். பீரோவைச் செங்கல் வைத்துத் தூக்கினோம், பிரிட்ஜ் போனது போனதுதான். கண்மாய் உபரித் தண்ணீர் பந்தல்குடி கால்வாய் வழியாக வைகைக்குப் போக வேண்டும். கால்வாயில் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டிருந்தால் அது எங்கே போகும்?

மழையை ரசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மழை ராத்திரியில் தூங்காமல் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களும் இதே மதுரையில்தான் இருக்கிறார்கள்.

மேலூர்ப்பக்கம்

அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம். அந்தக் கண்மாயும் ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்ததுதானே. கரையைச் சுற்றி ஊர் வளர்ந்தது, வாய்க்கால் மட்டும் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கம் கண்மாய் நிறையாவிட்டால் அழுகை, உங்கள் பக்கம் நிறைந்தால் அழுகை.

வெளியூர்க்காரர்களுக்காகவே கேட்கிறேன்: நகருக்குள் மழை நேரத்தில் எந்த வழியைத் தவிர்க்க வேண்டும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? எழுதுங்களேன்.

செல்லூர்வாசி

சரி, எழுதுகிறேன். ரயில் பாதைக்குக் கீழே போகிற எந்தச் சாலையையும் மழை பெய்யும்போது நம்பாதீர்கள். மணிநகரம் கர்டர் பாலம் அரை மணி மழைக்கே நிரம்பிவிடும். முன்னால் போகிற பஸ் தாண்டிவிட்டதே என்று காரை விட்டால் நடுவில் நின்றுவிடும், அப்புறம் தள்ளத்தான் வேண்டும். மாசி வீதிகளில் கடைக்குப் போவதென்றால் நடந்தே போங்கள், ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு மிச்சம். திறந்த சாக்கடை, பள்ளம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் தெரியாது, குழந்தையை ஓரத்தில் நடக்க விடாதீர்கள்.

வைகையில் தண்ணீர் திறந்துவிட்டால் யானைக்கல் தரைப்பாலத்தை அடைத்துவிடுவார்கள். அப்போது 1889-இல் திறந்த ஏ.வி. பாலத்தின் மேல் நின்று பாருங்கள். அதுவரை மணலும் கோரையும் மாடும் இருந்த ஆற்றில் கரையோடு கரையாகச் செம்பழுப்புத் தண்ணீர் போகும். பார்க்கலாம், நானும்தான் பார்ப்பேன். செல்பி எடுக்கக் கரைக்கு இறங்கக் கூடாது.

வைகைக்கரை

அந்தத் தண்ணீர் எப்போது வரும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் உள்ள வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டக் கரையோரத்துக்கும் அறிவிப்பு போகும். உங்கள் பயண வாரத்தில் அணை நீர்மட்டத்தைக் காலைப் பேப்பரில் பார்த்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் தங்கம் விலைக்கு முன்னால் அதைத்தான் வாசிப்போம்.

பெங்களூர்வாசி

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. செல்லூர்வாசி அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் கார் வாடகைக்கு எடுக்கிற யோசனையைக் கைவிட்டார், ஓட்டுநரோடு வண்டி பேசிக்கொள்கிறோம். மாமியார் ஒரே ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்: படி ஏறாமல் ஒரு மலைக்கோவில். அப்புறம் சாப்பாடு? குற்றாலமும் போய்விட்டு வரலாம் என்று ஒருவர் சொன்னார், அது எப்படி?

நத்தம் ரோடு

படி ஏறாத மலைக்கோவில் என்றால் அழகர் கோவில்தான், வேறு பேச்சே இல்லை. மதுரையில் இருந்து சுமார் 21 கிலோமீட்டர். கள்ளழகர் கோவில் அடிவாரத்தில், சமதளத்தில் இருக்கிறது. மேலே பழமுதிர்ச்சோலைக்கும் அதற்கும் மேலே நூபுர கங்கைக்கும் வாகனம் போகும். நூபுர கங்கை மலைக்குள் இருந்து வருகிற ஊற்று, வருடம் முழுக்க விழும். அழகருக்குத் திருமஞ்சனம் இந்தத் தண்ணீரில்தான், வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது ஐதீகம். மழை நாளில் மேலே போகிற பாதையில் இரண்டு பக்கமும் காடு தலைகுனிந்து நிற்கும், ஜன்னலைத் திறந்தால் பச்சிலை வாசம். ராக்காயி அம்மன் சந்நிதிப் பக்கம் கொஞ்சம் படி உண்டு, ஈரமாக இருக்கும், அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போங்கள்.

கீழே கோவிலில் தோசை பிரசாதம் வாங்காமல் வந்துவிடாதீர்கள். ஓட்டல் தோசை மாதிரி மெலிசாக இருக்காது. கெட்டியாக, நெய்யில் வெந்து, மிளகும் சீரகமும் கடிபடும். மழைக்கு அதற்கு இணை இல்லை. குரங்குக்கும் அது தெரியும், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள்.

விளக்குத்தூண்

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். மழைச் சாயங்காலம் என்றால் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு கரைத்து விட்டு, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கு, ஏலம் தட்டிப்போட்டுக் காய்ச்சுவார்கள். தள்ளுவண்டியில் அடுப்போடு இருக்கும் பித்தளைப் பானை, மேலே தேங்காய்த் துருவல். டம்ளரைக் கையில் வாங்கியதும் குடித்துவிடாதீர்கள், நாக்கு வெந்துவிடும். ஒரு நிமிடம் அந்தச் சூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். அதற்குள் சுக்கு வாசம் மூக்கில் ஏறியிருக்கும்.

ராத்திரி கறிதோசை, சுக்கா, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஈசல் பறக்கிற நாளில் கிராமத்துப் பக்கம் இருந்தீர்கள் என்றால் வறுத்த ஈசலைப் பொரியரிசியோடு தருவார்கள். எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

கோச்சடை பைக்

ஜிகர்தண்டாவை விட்டுவிட்டீர்களே.

விளக்குத்தூண்

மழையில் ஜிகர்தண்டாவா? தொண்டை கட்டினால் யார் பொறுப்பு?

கோச்சடை பைக்

மழை பெய்யும்போது கடையில் கூட்டமே இருக்காது, அதுதான் நேரம். என் கருத்து இதுதான், யாரும் மாற்ற முடியாது.

அருவிக்குப் போனவன்

குற்றாலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே சீசன் என்பது ஜூனில் இருந்து ஆகஸ்ட் வரை. தென்மேற்குக் காற்று மலை இடைவெளி வழியாகச் சாரலைக் கொண்டுவரும். வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கும், அருவி அளவாக விழும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது வேறு மழை. ஒரே இரவில் வெள்ளம் வரும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், ஐந்தருவியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு அல்வா வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள். தேனிப் பக்கம் கும்பக்கரை, சுருளிக்கும் இதே நிலைதான், வனத்துறை அடைத்துவிடும். அடைத்திருக்கிறது என்றால் கெஞ்சாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அருவிக் கரையில் மழையே இல்லாமல் வெள்ளம் வரும். மேலே காட்டில் பெய்தது கீழே வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும், அப்போது கீழே நல்ல வெயில்கூட இருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்துபோனான். தெளிவாக ஓடும் தண்ணீர் சட்டென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வத்திராயிருப்பு வழியாகச் சதுரகிரி போகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2015-இல் அங்கே ஓடை வெள்ளத்தில் பக்தர்கள் இறந்ததற்குப் பிறகுதான் மழை நாளில் மலையேற விடுவதில் கெடுபிடி வந்தது.

கோச்சடை பைக்

இப்போது சீரியஸாக. கீழக்குயில்குடி சமணர் மலையை யாரும் சொல்லவில்லை. மழை விட்ட காலையில் அடிவாரத்துத் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோவில் குதிரைகளும் கழுவிவைத்த மாதிரி இருக்கும். பாறைமேல் ஏறுவது காய்ந்த நாளில் மட்டும். ஈரப் பாறையில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் வினை. இடி இடிக்கும்போது மொட்டைப் பாறை உச்சியில் நிற்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பைக்கில் வருகிறவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மழை தொடங்கின முதல் பத்து நிமிடம்தான் சாலை மோசம். அதுவரை ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து பிசுக்காகிவிடும். அந்தப் பத்து நிமிடம் டீக்கடையில் நில்லுங்கள், நன்றாகப் பெய்து கழுவினபிறகு கிளம்புங்கள். வெள்ளைக் கோட்டின் மேலும் பாலத்து இரும்பு இணைப்பின் மேலும் பிரேக் பிடிக்காதீர்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் ஆழம் பார்க்க வேண்டாம், திரும்பிவிடுங்கள். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாயில் ஏறும்போது காற்று பக்கவாட்டில் தள்ளும், கைப்பிடியை இறுக்காமல் வேகத்தைக் குறையுங்கள். கணவாய் உச்சியில் நிறுத்தித் திரும்பிப் பாருங்கள். மதுரைப் பக்கம் வெயில், தேனிப் பக்கம் மழை என்று ஒரே நேரத்தில் இரண்டும் தெரிகிற நாளும் வாய்க்கும்.

ரயில்பிரியன்

அந்தக் கணவாயை நனையாமல் கடக்க வேண்டுமா, போடி ரயிலில் ஏறுங்கள். மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேல் தண்டவாளமே இல்லாமல் கிடந்த பாதை. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரைக்கும் வண்டி வந்துவிட்டது. காலையில் மதுரையில் ஏறினால் சுமார் 90 கிலோமீட்டர், பத்துப் பதினைந்து ரூபாய் டீச் செலவு, அவ்வளவுதான். உசிலம்பட்டி வரை வயலும் கண்மாயும். அப்புறம் கணவாயில் பாறையை வெட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள், இரண்டு பக்கச் சுவரிலும் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், கையை நீட்டாதீர்கள். ஆண்டிபட்டி தாண்டினதும் மலைகள் கிட்டே வந்துவிடும். மேகம் மலை இடுப்பில் நிற்கும், உச்சி தனியாக மிதக்கும். மாமியாருக்குப் படியும் இல்லை, மலைப்பாதைத் தலைசுற்றலும் இல்லை. சாயங்கால வண்டியில் திரும்பிவிடலாம்.

ஆடி மாதம் மறுபடி வருவதாக இருந்தால் சொல்லுங்கள். மதுரை–குருவாயூர் வண்டி பகலில் செங்கோட்டையில் இருந்து மலையேறிப் புனலூர் போகும். குகைகளும் தென்மலைக்குப் பக்கத்தில் பதின்மூன்று கண் பாலமும் தென்மேற்கு மழையில் பார்க்க வேண்டியவை. இப்போது அதைத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன்.

வத்தலக்குண்டு வழி

ஆக, என் மலைச்சாலையை எல்லோரும் சேர்ந்து கவிழ்த்துவிட்டீர்கள்.

பெங்களூர்வாசி

கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே, கொடைக்கானல் அறையை ரத்து செய்துவிட்டோம், கட்டின பணத்தில் பாதி திரும்பி வருகிறது. மாமியாருக்காக அழகர் கோவில், மகளுக்காக மேலூர்ப் பக்கம், எனக்காக போடி ரயில் என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு என்ன என்று கேட்டேன், கறிதோசை என்றார்.

இரண்டு சந்தேகம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அந்தப் பக்கம்தானே, அதையும் சேர்க்கலாமா? ரயிலில் முன்பதிவு இல்லை என்கிறார்களே, உட்கார இடம் கிடைக்குமா?

மேலூர்ப்பக்கம்

சேர்க்கலாம். மேலூரில் இருந்து திருப்பத்தூர் போகிற சாலையில், கொள்ளுக்குடிப்பட்டி. மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977-இல் சரணாலயம் ஆக்கினார்கள். கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் பறவைக்கு இரை, அதனால் கார்த்திகை, மார்கழியில்தான் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் மரம் முழுக்க அடையும். நீங்கள் வரும்போது முதல் வரவுதான் இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் பறவை பயப்படும் என்று தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. உங்கள் ஓட்டுநரிடம் ஊருக்குள் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கருவேல மரத்தடியில் சேறு கணுக்கால் வரை இழுக்கும், வார் வைத்த செருப்பு போடுங்கள். ஹவாய் செருப்பு அங்கேயே தங்கிவிடும்.

ரயில்பிரியன்

இடம் கிடைக்கும். வண்டி மதுரையில்தான் புறப்படுகிறது, அரை மணி முன்னால் நடைமேடைக்குப் போனால் ஜன்னலே கிடைக்கும். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், பழனி மலைத்தொடர் அந்தப் பக்கம். வாடைக்காற்று அடிக்கிற நாளில் சாரலும் அந்தப் பக்கம்தான் அடிக்கும், மாமியாரை உள்பக்க சீட்டில் உட்காரவைத்துவிட்டு நீங்களும் மகளும் ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டரை இறக்கச் சொல்லி எதிர்சீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். பாதி இறக்கி வையுங்கள், இரண்டு பேருக்கும் சரியாகப் போய்விடும்.

செல்லூர்வாசி

அறை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே. ரயில் நிலையத்துக்கு மேற்கே என்றால் மழை ராத்திரியில் திரும்பி வர வழி சொல்கிறேன், உள்பெட்டியில் எழுதுங்கள்.